உங்களுக்குத் தெரியுமா? தாளம் தப்பிய சரித்திரப் படங்கள்!

காளிதாசர் காலத்தில் காந்தியின் ராட்டினம் சுற்றியது, தெரியுமா? சுற்றியது! தமிழின் முதல் பேசும் படத்தில்!

படத்தின் பெயரே ‘காளிதாஸ்’. வெளிவந்த நாள் 1931 அக்டோபர் 31. காளிதாசர் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவது 4, 5-ம் நூற்றாண்டு. படத்தில் ஒலித்ததோ காந்தியின் கைராட்டினப் பாட்டு!

அது மட்டுமா? அதே படத்தில் டி.பி.ராஜலட்சுமி தியாகராஜர் கீர்த்தனையும் பாடினார். தியாகராஜர் பிறந்தது 1767-ல். காளிதாசருக்கும் அவருக்கும் நடுவே சுமார் 1,300 வருஷம்!

இன்னும் கேளுங்கள். நாயகி பேசியது தமிழ். நாயகன் பேசியது தெலுங்கு. கோயில் பூசாரி பேசியது இந்தி. ஒரே படம், ஒரே கதை, மூன்று மொழி!

அந்தக் காலத்து ராட்டினப் பாட்டை எழுதியவர் யார்? நம்ம கரிசல் காட்டுக்காரர்! மதுரகவி பாஸ்கரதாஸ். அவர் வாழ்ந்த நாகலாபுரம் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, இதே கறுப்பு மண்ணில்தான் இருக்கிறது!

முதல் தமிழ்ப் பேசும் படத்துக்குப் பாட்டுக் கட்டிய பேனா பருத்தி விளையும் பூமியிலிருந்து போனது. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களும் விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

படத்தை எடுத்தது பம்பாயில். பெட்டி சென்னைக்கு வந்து இறங்கியபோது ஜனங்கள் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி வரவேற்றார்கள். ஒரு பிலிம் பெட்டிக்கு!

8,000 ரூபாயில் எடுத்த படம். வசூல் 75,000 ரூபாய் என்கிறார்கள். இன்று அதன் ஒரு பிரதி கூடக் கையில் இல்லை!

அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ. நடித்த ‘மீரா’!

எம்.எஸ்.சுப்புலட்சுமியின் ‘மீரா’ தெரியும். வெளியானது 1945 தீபாவளிக்கு. அக்பரும் தான்சேனும் அந்தக் கதைக்குள் வருகிறார்கள். இப்போது கணக்குப் போடுங்கள்!

மீரா மறைந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் வருஷம் 1547. அக்பர் பிறந்தது 1542. மீராவின் புகழைக் கேட்டு மயங்கிய பாதுஷாவுக்கு அப்போது வயது 5!

படத்தில் மீராவின் கணவர் மேவாரை ஆளும் ராணா. நிஜத்தில் போஜராஜன் அரியணை ஏறவே இல்லை. அப்பா ராணா சங்கா உயிரோடு இருக்கும்போதே, 1521-ல் இறந்துபோனார்!

ராஜஸ்தான் பக்தையின் கதையை இயக்கியது யார்? எல்லிஸ் ஆர்.டங்கன். அமெரிக்கர். தமிழ் பேசத் தெரியாது. தமிழில் படம் படமாக எடுத்தார்!

‘காற்றினிலே வரும் கீதம்’ பாட்டை எழுதியவர் கல்கி. நாவலாசிரியர் கல்கியேதான்!

அந்தப் படத்தில் ஒரு சின்ன வேடத்தில் ஓர் இளைஞர் வருகிறார், கவனித்தீர்களா? எம்.ஜி.ஆர்! 32 வருஷம் கழித்து, 1977-ல், அவர் சட்டமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்து முதலமைச்சர் ஆனது எந்தத் தொகுதியிலிருந்து? நம்ம அருப்புக்கோட்டை!

பாண்டியன் சபையில் பாரசீகச் சொல்!

‘திருவிளையாடல்’, 1965. ஹேமநாத பாகவதராக டி.எஸ்.பாலையா அமர்ந்து அசத்தும் ‘ஒரு நாள் போதுமா’. குரல் பாலமுரளிகிருஷ்ணா. பாட்டு வரிகளுக்குள்ளேயே தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகப் பெயர்களை ஒளித்து வைத்தார் கண்ணதாசன்!

கதை நடப்பது வரகுண பாண்டியன் காலத்து மதுரையில். 9-ம் நூற்றாண்டு. ‘தர்பார்’ என்பதோ பாரசீகச் சொல். பாண்டியன் கொலு மண்டபத்துக்குள் பல நூறு வருஷம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டது!

பதிலுக்கு சிவபெருமான் பாடும் ‘பாட்டும் நானே’ என்ன ராகம்? கௌரிமனோகரி. 72 மேளகர்த்தாக்களில் 23-வது. அந்த 72 கணக்கையே வேங்கடமகி வகுத்தது 17-ம் நூற்றாண்டில். இறைவன் 800 வருஷம் முந்திக்கொண்டார்!

அந்தப் பாட்டில் சிவபெருமானாக வரும் சிவாஜி வீணை வாசிக்கிறார். 24 மெட்டுகள் பதித்த இன்றைய வீணை உருவானது தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் என்பார்கள். அவர் ஆண்டது 1600 முதல் 1634 வரை. பாண்டியன் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை!

அப்படியானால் பாண்டியன் சபைப் பாடகர் பாணபத்திரர் கையில் என்ன இருந்தது? யாழ்! அதற்கு மெட்டே கிடையாது!

அந்த யாழின் கணக்கைத் தேடியெடுத்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார் மட்டக்களப்பு மண்ணின் விபுலாநந்த அடிகள். ‘யாழ் நூல்’, 1947. சுதந்திரம் கிடைத்த அதே வருஷம்!

சரி, அந்தக் காலத்தில் நிஜமாக என்னதான் பாடினார்கள்? பண்! அதற்கு சாட்சி எங்கே? நம்ம திருச்சுழியில்!

திருச்சுழி என்றதும் எல்லோருக்கும் ரமண மகரிஷி ஞாபகம் வரும். அவர் அங்கே பிறந்தது 1879 டிசம்பர் 30. அதற்குச் சுமார் 1,000 வருஷம் முன்பே சுந்தரர் வந்து திருமேனிநாதரைப் பாடிவிட்டுப் போய்விட்டார்!

அந்தத் திருச்சுழியல் பதிகத்தின் பண் நட்டபாடை. இன்று ஓதுவார்கள் அதை நாட்டை, கம்பீரநாட்டை பக்கம் வைத்துப் பாடுகிறார்கள். குண்டாற்றங்கரையில் ஒலித்த அசல் பண்! சரித்திரப் படத்துக்கு இசை தேடுகிறவர்கள் முதல் டிக்கெட் எடுக்க வேண்டிய ஊர்!

இன்னும் பழசு வேண்டுமா? புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக்குப் போங்கள். ஸ்வரங்களைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். 7-ம் நூற்றாண்டு!

வயலின் வந்தது நேற்று! ஆர்மோனியம் இன்று காலை!

ராஜா ராணி படத்தில் சோகக் காட்சி வந்தால் வயலின் அழும். ஆனால் அந்த வயலினை முதன்முதலில் கர்நாடக இசைக்குள் கொண்டு வந்தவர்களில் முன்னோடி யார்? பாலுசுவாமி தீட்சிதர். பிறந்தது 1786-ல்! அதற்கு முந்திய எந்த ராஜாவும் தோடியை வயலினில் கேட்டதில்லை!

பாலுசுவாமி தீட்சிதர் கடைசியில் எந்த அரண்மனை வித்வான்? எட்டயபுரம்! அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் தூத்துக்குடி சாலையில் நேரே வரும் ஊர்!

அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் காலமானதும் எட்டயபுரத்தில்தான். 1835-ல், தீபாவளி நாளில்! சமாதியும் அங்கேதான்!

பக்திப் படத்து ஞானிகள் முன்னால் ஆர்மோனியப் பெட்டி தெரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள். பாரிஸில் டெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1842-ல்!

நம்ம ஊர் மேடையை ஆண்ட அந்தப் பெட்டியை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்தது. தடை தளர்ந்தது 1971-ல். 31 வருஷம்!

‘கொஞ்சும் சலங்கை’, 1962. ராஜா காலத்துக் கதை. ‘சிங்கார வேலனே’ பாட்டில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம். ஊதியது நீளமான பாரி நாயனம். பழைய ராஜாக்கள் கேட்டதோ குட்டையான திமிரி! பாரியைப் பிரபலமாக்கியது 20-ம் நூற்றாண்டின் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை!

அந்தப் பாட்டு ஆபேரி. இன்று நாம் கேட்கும் ஆபேரியும் தீட்சிதர் வழியில் வந்த பழைய ஆபேரியும் ஒன்றல்ல. தைவதமே வேறு! ஒரே ஒரு ஸ்வரம் மாறி ராகத்தின் முகமே மாறிப்போனது!

தமிழில் முதன்முதலாக டெக்னிகலரில் மின்னிய படமும் அதே ‘கொஞ்சும் சலங்கை’தான்!

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜியின் கன்னமும் விரலும் அப்படியே நாகசுர வித்வான். ஊதியது யார்? மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஒரு சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு இரண்டு வித்வான்கள்!

பாரதி பாட்டு, சினிமா மெட்டு!

‘கப்பலோட்டிய தமிழன்’, 1961. கதை வ.உ.சி.யின் சுதேசிக் காலம். 1908-ல் அவர் சிறைக்குப் போகிறார். 1911-ல் ஆஷ் கொலை. நடுவே ஜெமினியும் சாவித்திரியும் ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’ பாடுகிறார்கள். பாரதி எழுதிய பாட்டு!

பாரதி தன் பாட்டுகள் பலவற்றுக்குத் தானே ராகமும் தாளமும் குறித்து வைத்தார். கவிஞர் மட்டுமல்ல, மெட்டுக் கட்டியவரும் அவரே!

‘கண்ணம்மா என் குழந்தை’ பாட்டுக்கு அவர் எழுதி வைத்த ராகம் பைரவி. தாளம் ரூபகம். ஸ்வரம் கூடக் குறித்திருக்கிறார்! இன்று ஊரே பாடும் ராகமாலிகை மெட்டு? 1951-ல் ‘மணமகள்’ படத்துக்காக சி.ஆர்.சுப்புராமன் போட்டது. பாரதி மறைந்து 30 வருஷம் கழித்து!

2000-ல் வந்த ‘பாரதி’ படத்தில் எட்டயபுரத்துக் கவிஞராக நடித்த சாயாஜி ஷிண்டே மராட்டியர்!

அந்தப் படத்தில் பவதாரிணிக்கு தேசிய விருது வாங்கித் தந்தது ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’. பாரதி எழுதியது என்று எத்தனை பேர் சத்தியம் செய்கிறார்கள் தெரியுமா? எழுதியவர் மு.மேத்தா!

ஞானிகளும் கணக்கும்!

‘நந்தனார்’ கதையில் நந்தனை வதைக்கும் வேதியர் வருவாரே? பெரிய புராணத்தில் தேடிப் பாருங்கள். ஆளே இல்லை! 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தன் சரித்திரக் கீர்த்தனையில் படைத்த பாத்திரம் அவர்!

1935-ல் வந்த ‘நந்தனா’ரில் நந்தனாராக நடித்தது ஒரு பெண். கே.பி.சுந்தராம்பாள்! சம்பளம் 1 லட்சம் ரூபாய்! வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்!

அதே சுந்தராம்பாள் 1953-ல் ‘ஔவையார்’. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய சங்ககால ஔவை வேறு. ஆத்திசூடி எழுதிய ஔவை வேறு. இருவருக்கும் நடுவே சுமார் 1,000 வருஷம். ஒரே கிழவியாகத் திரையில் நடந்து முடித்தார்!

அக்பர் சபையிலும் அதே கூத்து!

‘மொகல்-ஏ-ஆசம்’, 1960. தான்சேனுக்குக் குரல் கொடுத்தவர் படே குலாம் அலி கான். ஒரு பாட்டுக்கு 25,000 ரூபாய்! லதாவும் ரஃபியும் அப்போது வாங்கியது 500-க்கும் கீழே!

இளவரசன் சலீம் அப்பாவை எதிர்த்துக் கிளம்பியது 1600-ஐ ஒட்டி. தான்சேன் மறைந்தது 1580-களில். கலகம் வெடித்தபோது தான்சேன் போய்ச் சேர்ந்து 10 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

கண்ணாடி மாளிகையில் அனார்கலி ஆடுகிறாளே? லாகூரின் அசல் ஷீஷ் மஹாலைக் கட்டியது ஷாஜகான். 1631-ஐ ஒட்டி. அக்பருக்குப் பேரன் அவர்!

‘பைஜு பாவ்ரா’, 1952. தான்சேனைப் பாட்டில் வெல்கிறான் பைஜு. பைஜு பாடியதாகச் சொல்லப்படும் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இறந்தது 1537-ல். அக்பர் பட்டத்துக்கு வந்தது 1556-ல். போட்டிக்கு நடுவர் இன்னும் பிறக்கவே இல்லை!

வெள்ளைக்காரர்கள் மட்டும் ஒழுங்கா?

‘அமேடியஸ்’. 8 ஆஸ்கார். மொஸார்ட்டைப் பொறாமையால் வதைக்கும் சாலியேரி அதில் பெண்வாடையே வேண்டாம் என்று சபதம் எடுக்கிறார். நிஜ சாலியேரிக்குப் பிள்ளைகள் 8!

பொறாமைக்காரர் என்று உலகமே திட்டிய அந்த சாலியேரிதான் மொஸார்ட்டின் மகனுக்குப் பாட்டு வாத்தியார்! மொஸார்ட்டும் சாலியேரியும் சேர்ந்து இசையமைத்த ஒரு படைப்பு பிராக் நகரில் கிடைத்துவிட்டது. எழுதியது 1785-ல். கண்டெடுத்தது 2015-ல். 230 வருஷம் ஒளிந்திருந்தது!

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ குடும்பம் மலை ஏறித் தப்பிக்கிறது. நிஜத்தில் ரயிலேறி இத்தாலி போனார்கள்! சால்ஸ்பர்க்கில் அந்த மலையைத் தாண்டியிருந்தால் கால் வைப்பது ஹிட்லரின் ஜெர்மனியில்!

படத்தில் கல்யாணமான சூட்டோடு நாஜிகள் வருகிறார்கள். நிஜக் கல்யாணம் 1927-ல். நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தது 1938-ல்!

‘பொஹீமியன் ராப்சோடி’யில் 1985 லைவ் எய்ட் மேடைக்கு முன்பே ஃப்ரெடி மெர்க்குரி தன் நோயைச் சொல்லிவிடுகிறார். அவருக்கு நோய் உறுதியானது 1987-ஐ ஒட்டித்தான் என்கிறார்கள் கூட இருந்தவர்கள்!

‘வீ வில் ராக் யூ’ பாட்டு அந்தப் படத்தில் 1980-ல் பிறக்கிறது. கடைக்கு வந்ததோ 1977-ல்! இப்படிப்பட்ட படத்துக்கு எடிட்டிங்குக்கும் சேர்த்து 4 ஆஸ்கார்!

அந்த ஃப்ரெடி படித்தது எங்கே? மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில்!

‘க்ளென் மில்லர் ஸ்டோரி’, 1954. 1944-ல் விமானத்தோடு காணாமல் போன மில்லர், மனைவிக்காக வைத்திருந்த கடைசிப் பரிசாக ‘லிட்டில் பிரவுன் ஜக்’ ஒலிக்கிறது. தியேட்டரே அழுதது. அந்தப் பாட்டை அவர் இசைத்தட்டில் பதிந்தது 1939-லேயே!

‘சிங்கிங் இன் த ரெயின்’ கதை நடப்பது 1927-ல். பெயர் தந்த பாட்டு முதலில் திரைக்கு வந்தது 1929-ல்!

அதிலே நாயகி டெபி ரெனால்ட்ஸ், கீச்சுக்குரல் நடிகைக்கு இரவல் குரல் கொடுப்பதாகக் கதை. நிஜத்தில் அந்த வசனத்தைப் பேசியது கீச்சுக்குரல் வேடமிட்ட ஜீன் ஹேகனே! குரல் கடன் கொடுத்தவருக்கே குரல் கடன்!

‘பேக் டு த ஃப்யூச்சர்’ பையன் 1955 நடன மேடையில் ஒரு சிவப்பு கிப்சன் கிடாரை வெளுத்து வாங்குகிறான். அந்த மாடல் 1955-ல் தயாராகவே இல்லை!

நம்ம மேடை, நம்ம நெஞ்சழுத்தம்!

‘காவியத் தலைவன்’, 2014. நாடகக் கம்பெனிகளின் இசைக்காலம். இசை ஏ.ஆர்.ரஹ்மான். இயக்கியவர் வசந்தபாலன். எந்த ஊர்? விருதுநகர்! நம்ம மாவட்டத்தின் தலைநகர்!

நாசர் ஏற்ற சிவதாஸ் சுவாமிகள் வேடத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சாயல். நாயகனிடம் எஸ்.ஜி.கிட்டப்பா சாயல். திரையில் குருவும் சிஷ்யனும். நிஜத்தில் சுவாமிகள் 1922-ல் காலமானபோது கிட்டப்பாவுக்கு வயது 16!

அந்தக் கிட்டப்பா வாழ்ந்தது எத்தனை வருஷம்? 27! மறைந்தது 1933-ல். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய கே.பி.சுந்தராம்பாள் 1980-ல் கண்மூடும் வரை அதை மாற்றவே இல்லை. 47 வருஷம்!

சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார். பாட்டு, வசனம் எல்லாம் சேர்த்து! இதைப் படத்தில் காட்டினால் நம்புவீர்களா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கோயில் பொங்கல் என்றால் இன்றைக்கும் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியப் பின்பாட்டு. முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது நேற்றைய செய்தியும் நுழையும். ஒரு பாட்டி கூட ‘காலம் தப்பு’ என்று எழுந்து போனதில்லை!

இந்த மேடையின் பெரிய முருகன் யார்? சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ். வெள்ளைக் கொக்கை விரட்டுவதுபோல வெள்ளைக்காரரை விரட்டிப் பாடியவர். புராண முருகன் வாயில் சுதந்திரப் போர்!

1940 டிசம்பர் 31. சென்னை மேடை. முருகன் வேஷத்தில், மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. ஒரு திரைக்கதாசிரியர் எழுதினால் ‘மிகை’ என்று வெட்டிவிடுவார்கள். நிஜம்!

இப்போது திரும்பி ‘காளிதாஸ்’ ராட்டினத்தைப் பாருங்கள். அது தவறி வந்த தவறா? இல்லவே இல்லை! வெள்ளைக்காரத் தணிக்கையின் மூக்குக்கு முன்னால், தெரிந்தே சுற்றிய ராட்டினம்! நாகலாபுரத்து பாஸ்கரதாஸ் நாடக மேடையில் கற்றதைத் திரைக்குக் கொண்டு போனார். உலகத்தின் கிடார் தவறு கவனக்குறைவு. நம்முடையது துணிச்சல்!

துணிந்து செய்தால் கும்பிடலாம். தெரியாமல் செய்தால்? அதற்கும் மருந்து நம்ம மண்ணில்தான்!

எந்த ராகம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று ஒரு இசையமைப்பாளருக்குச் சந்தேகமா? எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் உட்கார்ந்து ஸ்வரக் குறிப்போடு எழுதி வைத்துவிட்டார். ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் அதில் 229!

பழைய ஆபேரியும் அதில் பத்திரமாக இருக்கிறது. அச்சடித்த ஊர் அதே எட்டயபுரம்தான். பட்டணம் இல்லை, கரிசல் காடு!

அச்சான வருஷம் 1904. தமிழ் சினிமா பேச ஆரம்பிப்பதற்கு 27 வருஷம் முன்னாலேயே பதில் தயார்!